கோயில் வரி மாதிரி வாங்கிய ஆயிரம் பங்கு

தம்பி,

சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று எல்லா அம்மாக்களையும் போலக் கேட்டுத்தான் உன்னோடு எப்போதும் பேச்சைத் தொடங்குவேன். இந்த முறை கேட்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் நிச்சயதார்த்த விருந்தில் நீ நன்றாகவே சாப்பிட்டாய், நானே பார்த்தேன். எனக்குத்தான் இறங்கவில்லை. பெண் வீட்டார் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, தர்ஷினியின் அப்பா கல்யாண மண்டபத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார். அம்மாவிடம் ஒரு கம்பெனியின் ஆயிரம் பங்கு இருக்கிறது, இப்போது அதற்கு நல்ல விலை வந்திருக்கிறது, கிள்ளானில் அந்தப் பெரிய மண்டபத்துக்கு முன்பணம் கட்ட அது போதும் என்று நீ சொன்னாய். அத்தோடு விட்டாயா? எங்கள் அம்மா ஒரு காலத்தில் முதலாளி மாதிரி அந்தக் கம்பெனிக் கூட்டத்துக்குப் போனார், திரும்பி வரும்போது கம்பெனி கொடுத்த குடையும் ஒரு பெட்டி மீகூன் நூடுல்ஸும் கொண்டு வந்தார் என்று சொல்லிச் சிரித்தாய். அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சம்பந்தி வீட்டார் முன்னால் வேறு என்ன செய்வது.

பாத்திரம் கழுவும்போது உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பங்கு என்னுடையது இல்லையே என்று சொன்னேன். நீ என் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாய். “லீகலா பார்த்தா உங்க பேர்லதான் இருக்கும்மா. அவங்ககிட்ட என்ன ப்ரூஃப் இருக்கு?” அதற்கு நான் அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று பயந்து, சட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். நேரில் பேசினால் நீ நடுவில் புகுந்து நாலு இங்கிலீஷ் வார்த்தை போட்டு என்னை வாயடைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. பங்கு என்றால் என்ன, பத்திரம் என்றால் என்ன என்று உனக்கே நான் சொல்ல வந்ததைப் பார்த்து உனக்குச் சிரிப்பு வரும். பங்கு நிதி, பத்திர நிதி என்று யூனிட் டிரஸ்ட் விற்பதற்குப் பரீட்சை எழுதிப் பாஸானவன் நீ, நான் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவள். வந்தால் சிரித்துக்கொள், இன்னும் ஒரு தடவை சிரிப்பதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நீ அப்போது ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாய். தோட்டத்தை விற்கப் போகிறார்கள், தாமான் வீடுகள் கட்டி விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு நாம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் ரொம்ப நாளாகவே உண்டு. ஒரு நாள் அது பேச்சு இல்லை, நிஜம் என்று தெரிந்தது. தோட்டத்து மேனேஜர் துரை எங்களைக் கூப்பிட்டு நிறுத்தி, சட்டப்படி நிலம் கம்பெனியுடையது, வீடும் கம்பெனியுடையது, வேலை இருக்கும்வரைதான் வீடு, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்று மலாய் மொழியில் நிதானமாகச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்று மாலை கோயில் முன்னால் எல்லாரும் கூடினோம். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், கம்பெனி என்பது துரை இல்லை, பங்கு வைத்திருப்பவர்கள்தான் கம்பெனி, நிலத்தை விற்பதற்கு அவர்களுடைய கூட்டத்தில் சம்மதம் வாங்க வேண்டும், பங்கு யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று சொன்னார். அவர் அதைச் சும்மா தகவலாகத்தான் சொன்னார். நமக்குப் பக்கத்து வீட்டு மாரியாயி அக்காதான் அதைப் பிடித்துக்கொண்டார்.

மாரியாயி அக்காவை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான் காட்டு வேலைக்குப் போன நாளெல்லாம் உனக்குச் சோறு போட்டவர். அவர் எழுந்து, “கோயிலுக்கு வரி கட்டுனவன் கூட்டத்துல எந்திரிச்சுக் கேள்வி கேக்கலாம்ல? கம்பெனிக்கும் வரி கட்டுவோம். கட்டிட்டுக் கேப்போம்,” என்றார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. எங்களுக்குத் தெரிந்த கூட்டம் அது ஒன்றுதானே. வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால் கூடுவோம், வீட்டுக்கு இவ்வளவு என்று வரி, வரி கட்டிய வீட்டுக்கு ஒரு ஓட்டு. தலைவர் வீடும் ஒரு கைதான், குடித்துவிட்டு வந்து கடைசியில் நிற்பவன் வீடும் ஒரு கைதான். கேள்விக்குப் பதில் வரும்வரை யாரையும் உட்கார வைக்க முடியாது, கூட்டமும் முடியாது. விடிய விடிய நடந்த கூட்டங்கள் உண்டு. கம்பெனிக் கூட்டமும் அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் நம்பினோம்.

நூறு பங்கு வாங்கினாலே கூட்டத்துக்குப் போகலாம் என்று கிராணி சொன்னார். வேண்டாம், நூறு வாங்கினால் பின்னால் உட்கார வைத்துவிடுவார்கள், ஆயிரமாக வாங்கினால்தான் மதிப்பார்கள் என்று நாங்கள் முடிவு செய்தோம். அப்போது ஒரு பங்கு இரண்டு ரிங்கிட் வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். பதினாலு வீடு பங்கு போட்டோம். உன் அப்பா டிராக்டர் ஓட்டிய ஓவர்டைம் காசைக் கொடுத்தார். மாரியாயி அக்கா வளர்த்த ஆட்டை விற்றார். ஒருத்தர் அடகுக் கடைக்குப் போனார். யார் பெயரில் வாங்குவது என்று வந்தபோது, பாதிப் பேருக்கு ஐசி அடையாள அட்டையில் ஒரு பெயர், பேங்குக் கணக்கில் வேறு எழுத்து, சிலருக்குக் கணக்கே கிடையாது. எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருந்தது, மலாயும் நன்றாக வரும். அதனால் என் பெயரில் வாங்கினோம். அதுதான் நீ சொல்லும் லீகல். யாரும் என்னிடம் கையெழுத்து வாங்கவில்லை, எழுதிக் கொடு என்று கேட்கவும் இல்லை. கேட்காததால்தான் இன்றைக்கு ப்ரூஃப் இல்லை என்று உன்னால் சொல்ல முடிகிறது.

இப்போது கேள். பங்கு என்றால் கம்பெனியில் ஒரு துண்டு உனக்குச் சொந்தம். லாபம் வந்தால் அதில் ஒரு துளி உனக்கு, நஷ்டம் வந்தால் அதிலும் ஒரு துளி. இது நீ பரீட்சைக்குப் படித்த புத்தகத்திலும் இருக்கும். புத்தகத்தில் இல்லாதது, கம்பெனி என்ன செய்து லாபம் சம்பாதிக்கிறதோ அதிலும் உனக்கு ஒரு துளி சேரும் என்பது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? எங்கள் சம்பளம் அந்தக் கம்பெனியிடம், படுக்கும் வீடு அந்தக் கம்பெனியுடையது, பிள்ளைகள் படித்த பள்ளியும் கோயிலும் நின்றது அந்தக் கம்பெனி மண்ணில். இத்தனையும் ஒரே இடத்தில் இருக்க, கையில் இருந்த கொஞ்சம் சேமிப்பையும் கொண்டுபோய் அதே கம்பெனியில் போட்டோம். கம்பெனிக்கு ஒரு முடிவு வந்தால் எல்லாம் ஒரே நாளில் போகும், போகவும் செய்தது. பணத்தைப் பல இடத்தில் பிரித்துப் போடு என்று நீ எல்லாரிடமும் சொல்கிறாயே, அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். உனக்கு அது ஒரு ஸ்லைடில் வரும் வட்டப் படம்.

கூட்டத்துக்கு நான் மட்டும்தான் போக முடிந்தது, பங்கு ஒருத்தி பெயரில் இருந்தால் ஒருத்திக்குத்தான் நாற்காலி. கோலா சிலாங்கூரில் பஸ் ஏறிக் கிள்ளான் போய், அங்கிருந்து டாக்சி பிடித்து ஷா ஆலாமில் ஒரு ஹோட்டலுக்குப் போனேன். மாரியாயி அக்கா அவருடைய நல்ல சேலையைக் கட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார். வாசலில் ஐசியைப் பார்த்துவிட்டு ஒரு குடையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் கொடுத்தார்கள், ரிமோட் மாதிரி ஒரு சின்ன மிஷினையும் கொடுத்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு சீன அங்கிள் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார். பல கம்பெனிகளில் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வைத்துக்கொண்டு, கூட்டம் கூட்டமாகப் போய்ப் பெட்டிச் சாப்பாடு சாப்பிடுபவர். நல்ல மனுஷர். மேடையில் இங்கிலீஷில் பேசியதையெல்லாம் எனக்கு மலாயில் காதோரம் சொன்னார்.

நிலத்தை ஏன் விற்கிறார்கள் என்று கேட்டேன். கம்பெனி முன்பு பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்கியிருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுக்கும் வருஷம் வந்துவிட்டது, அதற்குத்தான் என்றார். பத்திரம் என்றால் என்ன என்றும் அவர்தான் சொன்னார். பங்கு வாங்கினால் நீ கம்பெனிக்குள் வருகிறாய், பத்திரம் வாங்கினால் கம்பெனிக்குக் கடன் கொடுக்கிறாய். இவ்வளவு வட்டி, இந்த வருஷம் முதலைத் திருப்புவேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கம்பெனி கொழுத்தாலும் உனக்கு அதே வட்டிதான், மெலிந்தாலும் அதே வட்டியைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியாமல் கம்பெனி விழுந்தால் பத்திரக்காரனுக்கும் ஆபத்து உண்டு, ஆனால் மிச்சம் மீதியைப் பிரிக்கும்போது அவன் முன்னால் நிற்பான், பங்குக்காரன் பின்னால் நிற்பான். அதனால்தான் ஒன்றில் ஏற்ற இறக்கம் குறைவு, இன்னொன்றில் பயமும் அதிகம், பலனும் அதிகமாக இருக்கலாம். நான் அவரிடம், முப்பது வருஷம் அந்த மண்ணில் வேலை செய்தவர்கள் எந்த இடத்தில் நிற்பார்கள் என்று கேட்டேன். அவர் பெட்டியைத் திறந்து மீகூனைச் சாப்பிட ஆரம்பித்தார்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். பதினாலு குடும்பம் இருக்கிறோம், நிலத்தை விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள், மூலையில் ஒரு துண்டு ஒதுக்கி வீடு கட்டிக் கொடுங்கள், விலையை மாதா மாதம் கட்டிவிடுகிறோம் என்று மலாயில் சொன்னேன். தலைவராக உட்கார்ந்திருந்தவர் மரியாதையாகக் கேட்டார். என்னை அம்மணி மாதிரி புவான் என்று கூப்பிட்டு, உங்கள் கருத்தைக் கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம், நன்றி என்றார். நான் உட்காரவில்லை. பதில் வரவில்லையே என்று நின்றுகொண்டே இருந்தேன். கோயில் கூட்டத்தில் அப்படித்தானே. ஒரு பெண் வந்து என் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்தவர் சாப்பாட்டுப் பெட்டியில் கோழி சின்னதாக இருக்கிறது என்று புகார் சொன்னார். அவருக்கும் அதே கவனம், அதே நன்றி.

பிறகு ஓட்டு. மிஷினில் சம்மதத்துக்கு ஒரு பொத்தான், எதிர்ப்புக்கு ஒரு பொத்தான். எதிர்ப்பை அழுத்தினேன், சரியாக விழுந்ததோ என்று இன்னொரு தடவையும் அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் பெரிய திரையில் முடிவு வந்தது. சம்மதம் நூறு சதவீதம். எதிர்ப்பு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம். மிஷின் கெட்டுப்போய்விட்டது, நான் எதிர்ப்பு போட்டேனே என்று அங்கிளிடம் சொன்னேன். மிஷின் சரிதான், இங்கே தலைக்கு ஒரு ஓட்டு கிடையாது, பங்குக்கு ஒரு ஓட்டு, கோடிக்கணக்கில் வைத்திருப்பவர் முன்னால் உங்கள் ஆயிரம் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இடத்தில்கூடத் தெரியாது என்றார். ஆடு விற்ற காசும் அடகு வைத்த காசும் உன் அப்பாவின் ஓவர்டைமும் அந்த இரண்டு பூஜ்யத்துக்குப் பின்னால் எங்கோ இருந்தது. நான் கொண்டு வந்த குடையைச் சொல்லி நீ சிரித்தாயே, அந்தக் குடையோடு லயத்துக்குள் நுழைந்தபோது பதினாலு வீட்டிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எல்லாரும் வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு அந்தப் பூஜ்யத்தை எப்படி விளங்க வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

லயத்தை இடித்தார்கள். சட்டம் சொன்ன நஷ்டஈட்டைக் கொடுத்தார்கள், வீடு கொடுக்கவில்லை. நாம் கோலா சிலாங்கூரில் வாடகைக்கு வந்தோம், மாரியாயி அக்கா மகளோடு செரண்டாவுக்குப் போனார், சிலர் ராசா டவுன் பக்கம் போனார்கள். அந்த நேரத்தில்தான் பங்கின் விலை ஏறியது. கிராணி போன் செய்து, உங்கள் பங்கு மூன்று வெள்ளியைத் தாண்டிவிட்டது என்றார். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் ஏறியது என்று கேட்டேன். நிலம் காலியாகிவிட்டது, சிக்கல் தீர்ந்தது என்று சந்தைக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் என்றார். நாங்கள் வெளியே போனதால்தான் எங்கள் பங்கு ஏறியது. பங்கு விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று நீ வாடிக்கையாளர்களுக்கு விளக்கும்போது இதையும் ஒரு உதாரணமாகச் சொல்.

அடுத்து நிலம் விற்ற லாபத்தில் சிறப்பு டிவிடெண்ட் என்று என் கணக்கில் பணம் விழுந்தது. அதைப் பதினாலாகப் பிரித்து, பஸ் ஏறி ஏறிப் போய்க் கொடுத்தேன். சிலர் வாங்கிக்கொண்டார்கள். மாரியாயி அக்கா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “எனக்கு வேணாம் லா. எங்க வீட்டுத் தகரத்தைப் பிரிச்ச டுயிட்டுக் காசு அது,” என்றார். வாங்கியவர்களும் அதைக் கேள்விப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். விற்றுவிடலாமா என்று பேசினோம். விற்றால் எங்களுக்கு அங்கே ஒன்றுமே இல்லை என்றாகிவிடும், இருக்கட்டும் என்றார்கள். வருகிற டிவிடெண்டை மரண சகாய நிதியாக வைப்பது, பதினாலு வீட்டில் எங்கே சாவு விழுந்தாலும் சவப்பெட்டிக்கும் வேனுக்கும் அதிலிருந்து கொடுப்பது என்று முடிவானது. சாவுக் காசு எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது, அதனால் அதைப் பங்கில் போடாமல் பேங்குக்காரர்கள் சொன்ன பத்திர நிதியில் போட்டேன். வட்டி விகிதம் ஏறினால் அதன் மதிப்பும் கொஞ்சம் இறங்கும் என்பதைக்கூட அப்போதுதான் கற்றுக்கொண்டேன், கொஞ்சம் இறங்கவும் இறங்கியது. ஆனால் கேட்ட அன்று பணம் கிடைத்தது. உன் அப்பாவைப் படுக்க வைத்த பெட்டி அந்தக் காசில் வந்தது. நீ அன்று அழுதுகொண்டிருந்தாய், யார் கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

இதில் ஒரு பாடம் இருக்கிறது, அதை உன் தொழிலிலேயே வைத்துச் சொல்கிறேன். அடுத்த வருஷம் தேவைப்படும் பணத்தைப் பங்கில் போடக் கூடாது. இறங்கின நேரத்தில் உனக்குத் தேவை வந்தால் நஷ்டத்தோடு விற்பாய். பத்து வருஷம் தொடாமல் இருக்க முடிந்த பணத்தைத்தான் அங்கே வைக்கலாம். இது உனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் செரண்டா பேக்டரியில் வேலை செய்யும் மாரியாயி அக்கா மகளிடம் போனாய். வீட்டு முன்பணத்துக்கு என்று அவள் சேர்த்து வைத்ததை, நம் தம்பி சொல்கிறானே என்று நம்பி, பங்கு நிதியில் போட்டாள். ஏழே மாதத்தில் வீடு கிடைத்தது, அப்போது நிதி இறங்கிக் கிடந்தது. எடுத்தாள், நஷ்டப்பட்டாள். உன்னிடம் கேட்டதற்கு, இதெல்லாம் லாங் டெர்ம் அக்கா, நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்றாயாம். உனக்குக் கிடைக்க வேண்டிய கமிஷன் முதல் நாளே கிடைத்துவிட்டது. அவள் உன் மேல் குறை சொல்லவில்லை, எனக்கு அவள் அம்மா சொல்லித்தான் தெரியும். அவரும் குறையாகச் சொல்லவில்லை, தம்பிக்கு வேலையில் ரொம்பக் கஷ்டம் போல என்றுதான் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது.

இனி இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கம்பெனியின் பெரிய முதலாளி மற்ற எல்லாருடைய பங்கையும் ஆறு வெள்ளிச் சொச்சத்துக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று அறிவித்திருப்பது உன் ஈமெயிலுக்குத்தான் வந்தது, என் கணக்கை நீதானே பார்க்கிறாய். சம்மதப் பாரத்தையும் நீயே அச்செடுத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொண்டு வந்தாய். நான் கிராணியிடம் விசாரித்தேன். தொண்ணூறு சதவீதம் பேர் சம்மதித்துவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் விற்க மாட்டேன் என்று சொல்ல முடியாதாம், அதே விலையைக் கொடுத்துச் சட்டப்படி வாங்கிக்கொள்வார்களாம். லயத்தில் குடியிருந்தபோது, நீங்கள் வேலைக்காரர்கள், உங்களுக்கு இங்கே சொந்தம் இல்லை என்று நஷ்டஈடு கொடுத்து அனுப்பினார்கள். இப்போது சொந்தக்காரர்களாகவே இருக்கிறோம், அப்போதும் விலை கொடுத்து அனுப்புகிறார்கள். பங்குச் சந்தையில் சிறு பங்குதாரர் என்று ஒரு பெயர் உண்டே, அதன் பொருள் இதுதான் தம்பி. சின்னதாக வைத்திருப்பவனுக்கு லாபத்தில் இடம் உண்டு, முடிவில் இடம் கிடையாது.

ஆகவே நான் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் ஆறாயிரம் வெள்ளிக்குக் கொஞ்சம் கூடவே என் கணக்கில் வரும். அது பெரிய பணம் இல்லை. நீ ஒரு மாதம் நல்லபடியாக விற்றால் சம்பாதிப்பாய். அந்தச் சின்னப் பணத்துக்கு நீ கேட்ட ப்ரூஃப்தான் என்னைத் தூங்கவிடவில்லை. சட்டப்படி என்று துரை சொன்னபோது எனக்கு வலிக்கவில்லை, அவர் யாரோ. அதே வார்த்தையை என் பிள்ளை என் அடுப்படியில் நின்று, என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னான். நான் உன்னைப் படிக்க வைத்தது துரை மாதிரிப் பேசுவதற்கா என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் நீ, காலம் மாறிவிட்டதும்மா என்பாய். மாறட்டும். ஆடு விற்றவர் இன்னும் உயிரோடு செரண்டாவில் இருக்கிறார்.

நேற்றுக் காலை தர்ஷினியின் அப்பாவுக்கு நானே போன் செய்தேன். உன்னிடம் கேட்காமல் செய்தேன், நீயும் என்னைக் கேட்காமல்தானே அந்தப் பணத்தை மண்டபத்துக்கு என்று சொன்னாய். அந்தப் பங்கு எங்கள் வீட்டுடையது இல்லை, பதினாலு வீட்டுடையது, என் மகன் தெரியாமல் சொல்லிவிட்டான் என்றேன். தெரியாமல் என்று சொன்னது பொய். உனக்காகச் சொன்ன பொய், இதுவே கடைசி. அவர், “அப்ப அந்தக் குடை கதை... நாங்க சிரிச்சிட்டோமேம்மா,” என்றார். மண்டபம் சின்னதாக இருந்தால் போதும், ஆள்களைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நல்ல மனுஷர், நல்ல இடத்தில்தான் பெண் எடுத்திருக்கிறாய். உனக்கு என் மேல் கோபம் வரும். அவர் முன்னால் தலை குனிய வைத்துவிட்டாள் என்று நினைப்பாய். கொஞ்ச நாள் குனிந்துதான் இரு, ஒன்றும் ஆகாது.

பணம் வந்ததும் பதினாலு வீட்டையும் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கப் போகிறேன். பிரித்துக்கொள்வார்களோ, மறுபடி சாவுக் காசாகவே வைப்பார்களோ, அது அவர்கள் முடிவு. அவர்களை எனக்குத் தெரியும், நம் தம்பி கல்யாணம், எடுத்துக்கொள்ளட்டும் என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அப்படிச் சொன்னால் நீ ஒரு வெள்ளியும் தொடக் கூடாது. இதை நான் கேட்டுக்கொள்ளவில்லை, சொல்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை அடித்ததும், அந்தப் பதின்மூன்று வீட்டுக்கும் நீயே போய்க் கொடு. வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. முதலில் செரண்டாவுக்குப் போ. மாரியாயி அக்கா மகள் நஷ்டப்பட்ட பணத்தை உன் கமிஷனில் இருந்து ஒரு கவரில் போட்டு, பத்திரிகையோடு சேர்த்துக் கொடு. அவர்கள் வாங்க மாட்டார்கள், வாங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திரு. இதையெல்லாம் செய்ய உனக்கு நேரம் இல்லை, கூச்சமாக இருக்கிறது, சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை என்றால், செய்ய வேண்டாம். உன் கல்யாணம் நன்றாக நடக்கட்டும், தர்ஷினி நன்றாக இருக்கட்டும். அப்படியானால் பத்திரிகையில் அழைப்பவர் என்று என் பெயரை மட்டும் போட்டுவிடாதே.

அம்மா